கடல் இறங்கும்வரை

வேலை செய்யும் மரக்கறிக் கடையில் ஒரு கிழமை லீவு கிடைத்ததும் அண்ணையோடு கரையோர நடைக்குப் போனேன். மூன்று நாள் நடை. கூடாரமும் சாப்பாடும் முதுகில். மொன்றியலில் ஆறாக ஓடும் தண்ணீர், கிழக்கே ஒரு பகல் முழுக்கக் காரோடிப் போனால் மறுகரை தெரியாத கடலாகிவிடுகிறது.

பாதை தொடங்கும் இடத்து அலுவலகத்தில் இருந்த பெண், வரைபடத்தில் ஓரிடத்தைப் பேனையால் வட்டமிட்டுப் பிரெஞ்சில் நெடுநேரம் விளக்கினாள். எனக்கு விலை சொல்லும் அளவுக்குத்தான் பிரெஞ்சு. அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என்னவாம் என்று கேட்டேன். கடல் ஏறுகிற நேரத்தைச் சொல்கிறாள் என்றார்.

முதல்நாள் ஒரு மனிதரையும் காணவில்லை. பாறைகளில் கிடந்த சீல் என்கிற கடல்நாய்கள் மட்டும் நாங்கள் கடந்து போகும்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன.

இரண்டாம்நாள் காலை மூடுபனி. தண்ணீர் இறங்கியிருந்த நேரம், வழுக்கும் கற்களில் கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனையைச் சுற்றி அப்பால் இருந்த சின்னக் கடற்கரைக்குப் போனோம். நாற்றம்தான் முதலில் வந்தது. வயிறு கிழிந்த ஒரு சீல். அதன்மேல் பாசியும் மரக்கொப்புகளும் குவிக்கப்பட்டிருந்தன. யார் மூடினார்கள் என்று யோசித்தபடி குனிந்தேன். கொப்புகளில் இலை வாடியிருக்கவில்லை.

அண்ணை என் பையைப் பிடித்து இழுத்தார். காட்டோரத்தில் கரடி நின்றது. கறுப்பு, பெரியது. பல்லை ஒன்றோடொன்று அடித்துச் சத்தம் எழுப்பியது.

"ஓடாதை, பிள்ளை. அதைப் பாத்தபடி பின்னாலை வா."

முனைவரை பின்பக்கமாகவே நடந்தோம். வந்த வழியில் இப்போது அலை அடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சளவு உயரமான ஒரு பாறையில் ஏறிக் குந்தினோம். கரடி வந்து கொப்புகளைத் தள்ளிவிட்டுத் தின்னத் தொடங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் இருமும்போதெல்லாம் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பசித்தாலும் சாப்பாட்டுப் பையைத் திறக்கப் பயம். தண்ணீர் பாறையின் பாதிவரை ஏறியது.

அப்போதுதான் திரும்பவும் கேட்டேன்.

"அலுவலகத்திலை அந்தப் பெட்டை என்ன சொன்னவள் அண்ணை?"

அவர் கரடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வடிவா விளங்கேல்லை."

"பிறகேன் தலையாட்டினனீங்கள்?"

"இருவத்திரண்டு வருசமா இப்பிடித்தான் சமாளிக்கிறன்."

பின்னேரம் ஐந்து மணியளவில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியது. நான் முன்னால் போனேன். அண்ணை கரடியைப் பார்த்தபடி பின்னால் வந்தார். அது எங்களைப் பின்தொடரவில்லை. முதல்நாள் தங்கிய இடத்திலேயே கூடாரம் அடித்தோம். இரண்டு பேரும் தூங்கவில்லை. மறுநாள் திரும்பி வந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. கதவில், அவள் வட்டமிட்ட அந்தக் கடற்கரையின் படம் ஒட்டியிருந்தது; அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

காரில் ஏறிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம், டொக்டரோடு தனியாகப் பிரெஞ்சில் கதைத்துவிட்டு வந்து, பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாமாம் என்று எங்களுக்குச் சொன்னவர் அண்ணைதான். நாங்களும் கொண்டுபோனோம். அப்பா நான்கு நாள்தான் இருந்தார்.

மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிடும்வரை, டொக்டர் அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னார் என்ற கேள்வி என் வாயில் நின்றது. கேட்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.