குமிழ் இருக்கும் பக்கம்

அந்தப் பல் கிளினிக்கில் எல்லோரும் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நர்ஸ் படிப்பு எதுவும் அவள் படித்ததில்லை. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த இடத்தில் 'ஆள் தேவை' அட்டையைப் பார்த்து, வீங்கிய கன்னத்தோடேயே விசாரித்து வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. டாக்டர் கையை நீட்டினால் போதும், கண்ணாடியா கொறடாவா என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள்.

இந்த வருஷம் டாக்டருக்குப் புதிதாக ஓர் ஆசை. பல் மருத்துவம் படிக்க விரும்பும் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வந்து பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் முதல் ரத்தத்தைப் பார்த்ததும் கழன்றுகொண்டான். இன்னொருத்திக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் ஒரே ஒரு பெண். கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். நர்ஸம்மா அவளுக்கு வைத்த பெயர் நோட்டுக்காரி.

"எதுக்குய்யா இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு சொல்லித் தர்றாரு?" வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த கணவனிடம் கேட்டாள். "என் இடத்துக்குத்தான் தயார் பண்றாரு, பாத்துக்க."

"டாக்டராகப் போற பொண்ணு உன் வேலைக்கு ஏன் வரப்போகுது? முதல்ல இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விட்டாள்.

வேலை ஒன்றும் இல்லை. கண்தான் ஒத்துழைக்கவில்லை. ஒரு வருஷமாகவே கிட்டத்தில் இருப்பது எல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பல் செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், டாக்டர் தேன் ஒழுகப் பேசியே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கதையை நோட்டுக்காரியிடமும் சொல்லி வைத்தாள். அதைக் கேட்டாவது பயந்து ஓடட்டும் என்று நினைத்தாள். அவள் ஓடவில்லை.

இரண்டாவது மாதத்தில் நர்ஸம்மாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எக்ஸ்ரே படங்களைக் கழுவிக் காயவைத்து, அட்டைச் சட்டத்தில் வரிசையாக மாட்டுவது அவள் வேலை. தபால்தலை அளவுப் படத்தின் மூலையில் கடுகளவு ஒரு குமிழ் இருக்கும். அது நம் பக்கம் புடைத்திருக்க வேண்டும். உள்ளே குழிந்திருந்தால் படம் திரும்பிவிட்டது, இடது பல் வலது பல்லாகிவிடும். டாக்டர் கை கழுவப் போகும் நேரமாகப் பார்த்து அந்தச் சட்டத்துப் பக்கம் போய் நின்றாள் நோட்டுக்காரி. அங்கே அவளுக்கு என்ன ஜோலி?

படத்தைத் திருப்பி வைத்துப் பழியை என் தலையில் போடப் பார்க்கிறாள், வேறென்ன! 'அக்கா, அக்கா' என்று குழைவதெல்லாம் இதற்குத்தான். நர்ஸம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்தார். இரண்டு பக்கமும் கடைசிப் பல் ஈறுக்குள் புதைந்திருந்தது. எந்தப் பக்கம் வலி என்று கேட்டால் தாடை முழுவதையும் தடவிக் காட்டினார். எதை எடுப்பது என்று படம்தான் சொல்ல வேண்டும். அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். நர்ஸம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். நோட்டுக்காரி பூனை நடை நடந்து வந்து, இரண்டு படங்களை உருவித் திருப்பிச் செருகினாள்.

"டாக்டர்! உங்க சிஷ்யை பண்ற வேலையை வந்து பாருங்க!"

ஈரக் கையோடு ஓடி வந்த டாக்டர், படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் தடவினார்.

"இப்ப சரியாத்தான் இருக்கு. இதுக்கு முன்னால பக்கம் மாத்தி மாட்டினது யாரு?"



"நான்தான் டாக்டர்," என்றாள் நோட்டுக்காரி. "காலையில அக்காவுக்கு ஒத்தாசையா மாட்டினேன். தப்புன்னு தெரிஞ்சதும் திருப்பினேன்."

"கேக்காம எதையும் தொடாதேன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா? இவருக்கு நல்ல பல்லை எடுத்திருப்பேன்! நோட்டை எடுத்துட்டுக் கிளம்பு. இனிமே வராதே."

நர்ஸம்மா வேண்டிக்கொண்டது அப்படியே நடந்துவிட்டது. அந்தப் பெண் குனிந்து பையை எடுத்தாள். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, தாங்க முடியாத வெட்கம்.

"பொய் சொல்றா டாக்டர். மாட்டினது நான். எனக்குக் குமிழ் தெரியறதில்ல. ஒரு வருஷமா தடவிப் பாத்துத்தான் மாட்டறேன். கையுறை போட்டா அதுவும் புரியல."

டிரைவர் திறந்த வாயை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார்.

"ஏண்டி, எத்தனை வாட்டி திருப்பி வெச்சே?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"ஒன்பது, அக்கா. சொன்னா அந்தப் பெரியவர் மாதிரி உங்களையும் அனுப்பிடுவாங்கன்னு..."

"சனிக்கிழமையில மட்டும் ஒன்பதா?" என்றார் டாக்டர்.

மற்ற நாட்களில் திருப்பி வைக்க யார் இருந்தார்கள்? மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரலமாரியைப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துப் படங்கள் அங்கே உறை உறையாக அடுக்கியிருந்தன.

"எல்லாத்தையும் இறக்குங்க," என்றார் டாக்டர். அவர் குரலில் தேன் ஒழுகவில்லை. வேலை இருக்குமா போகுமா என்று நர்ஸம்மாவும் கேட்கவில்லை. உறைகளின் முதல் கட்டை இறக்கி, அந்தப் பெண்ணின் பையிலிருந்து நோட்டைத் தானே எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"உக்காரு கண்ணு. பாத்துச் சொல்லு, எழுது. ஒண்ணுகூட விடாதே."