வரேன் என்ற ஒரு சொல்

அக்காவின் காரியத்துக்கு அம்மா வழிச் சொந்தங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்காவோடு கம்பெனி கேன்டீனில் வேலை செய்த பெண்கள், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தார்கள். பிளெக்ஸ் கடை சேகர் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பெரியப்பா வரவில்லை. ஏன் என்று பலரும் கேட்டதால், முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது. அப்பா இறந்தபோது அக்கா மூன்றாம் வகுப்பு. அதோடு பள்ளி நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. பாத்திரம் தேய்த்தே என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார்.

அப்படிப்பட்ட அக்காதான் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்ற எத்தனையோ கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்குக் கவிதை சொன்னவர். உடன் வேலை செய்த ஒருவர் இறந்து, பேனர் அடிக்க சேகர் அண்ணன் கடைக்குப் போன இடத்தில், "இன்னாண்ணா, 'ஆழ்ந்த இரங்கல்'னு கம்பெனி நோட்டீஸ் மாதிரி கீது? செத்தவரே பேசட்டுமே" என்றாராம்.

"அப்ப நீயே சொல்லேம்மா, கவிஞரே" என்று சேகர் அண்ணன் கிண்டல் செய்ய, அன்று மாலையே போனில் குரல் பதிவு அனுப்பினார்.

செருப்ப வாசல்லயே வுட்டுகீறேன்
எடுத்து வைக்காதீங்க
வரேன்

கடைசிச் சொல் கவிதை அல்ல. சேகர் அண்ணனிடம் 'வரேண்ணா' என்று விடைபெற்றது. அவர் 'அண்ணா'வை மட்டும் விட்டுவிட்டு அதையும் சேர்த்து டைப் அடித்துவிட்டார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்று யாரும் சொல்வதில்லை. இங்கே செத்தவரே சொல்லிக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் சுற்றுவழியில் போனார்கள். ஆனால் அவர் மனைவி இன்றுவரை அந்தச் செருப்பை எடுக்கவில்லை. பிறகு வேறொரு தாய் கடைக்கு வந்து, "எம்புள்ளைக்கும் அந்த 'வரேன்' போட்டுக் குடுப்பா" என்றார். அதன்பின் அக்கா தெரிந்தே அப்படி முடித்தார்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாக ஒன்று அனுப்பினார்.

கதவ சாத்திக்கோங்க
இருட்டிக்கினு வருது
நான் வெளியதான் கீறேன்

சேகர் அண்ணன் போன் செய்தார். "வரேன் எங்கம்மா?"

"இதுக்கு வேணாம்ணா."

யாருக்கு என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

அந்த வரிகளையே அக்காவின் படத்துக்குக் கீழே அடித்து வாசலில் கட்டினோம். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஊருல கீற பொணத்துக்கெல்லாம் வரேன் போட்டா. எம்பொண்ணுக்கு மட்டும் இல்லியா?"

"கண்ணாலம் ஆவாத பொண்ணு, அத்தப் போய்க் கூப்புடுறியா?" என்றார் பெரியப்பா. "அந்த வார்த்தையப் போட்டீங்க, இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"வந்தா என் வூட்டுக்குத்தான வரும்? உனக்கு இன்னா நடுக்கம்?" என்றார் அம்மா.

அக்கா வேண்டாம் என்றது எனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தையும் பார்த்தேன். கடைக்குப் போனேன்.

"அவங்க சொல்லாதத நான் அடிக்க மாட்டேன் தம்பி" என்றார் சேகர் அண்ணன். சற்றுக் கழித்து அவரே பழைய பதிவுகளை ஓடவிட்டார். ஒவ்வொன்றின் முடிவிலும் அக்கா: வரேண்ணா. வரேண்ணா. ஒரே ஒரு பதிவில் மட்டும் 'அண்ணா' இல்லை. யாரிடமோ சொல்வதுபோல் வெறும் 'வரேன்'. அதைக் கேட்டுக்கொண்டே டைப் அடித்தார்.

கவிதை கதவைச் சாத்தச் சொல்கிறது. புதுப் பேனர் ஏறிய நாளிலிருந்து அம்மா சாத்துவதில்லை. கூட்டுரோட்டில் முன்பின் தெரியாத முகங்களுக்குக் கீழே அக்காவின் வரிகள் இன்னும் ஏறுகின்றன. கம்பெனி பஸ்ஸில் போகையில் நான் அவற்றைப் படிப்பதில்லை. காதில் விழுகின்றன.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி உடனிருந்த கேன்டீன் அக்காமாருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. பெரியப்பாவுக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறோம். இரண்டாம் பேனருக்கு சேகர் அண்ணன் கூலி வாங்கவில்லை. பிளெக்ஸ் ஷீட்டுக்கும் அச்சு மைக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கொடுத்தது எண்ணூறு ரூபாய்.