சாம்பல் தொட்டு முறுக்கிய ஒயர்

எங்கள் வகையறாவில் கல்யாணம் என்றால் நாயனக்காரரைத் தேர்ந்தெடுப்பது நான்தான். என் காதுக்கு எதுவும் தப்பாது என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் ஆடாத ஆட்டமில்லை. மனைவி டிவியில் பாட்டுக் கேட்டால், "தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுனாலும் உனக்கு சங்கீதம்தான்" என்பேன். கேபிள் இணைப்புக் கொடுக்கும் என் தம்பியைச் செவிட்டு முண்டம் என்று சபையிலேயே சொல்லியிருக்கிறேன். தப்பாகச் சொன்னதாக இன்றும் நினைக்கவில்லை.

போன வருஷம் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேளம் யார் என்று நான் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில்தான் என் பழைய டி.ஏ.சி.யைப் புதுப்பித்தேன். டிவியில் எண்களாக வரும் பாட்டை நிஜ ஒலியாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது. சென்னையில் கொடுத்து, ஊதிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, புது அடாப்டரோடு வாங்கிவந்தேன். டிவியிலிருந்து அதற்கு ஆப்டிகல் ஒயர் போட வேண்டும் என்றார்கள்.

வாங்கிய ஒயர் நீளமாகிவிட்டது, காலைத் தடுக்கியது. நடுவில் வெட்டினேன். உள்ளே செம்புக் கம்பி இல்லை, தூண்டில் நரம்பு போல ஓர் இழை. நான் நெசவுக்காரன். தறியில் பாவு நூல் தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்போம். ஆயுசெல்லாம் அதைச் செய்த விரல்கள் இவை. அப்படியே சாம்பல் தொட்டு முறுக்கினேன். முரண்டு பிடித்தது, டேப் சுற்றி அடக்கினேன். ஆம்ப்ளிஃபயரில் இணைப்பை மாற்றும் குமிழைத் திருகியதில் ஓரிடத்தில் பாட்டு வந்தது.

அடேயப்பா, என்ன சுத்தம்! தவிலின் தோல் அதிர்வது தனியாகக் கேட்டது. வந்தவன் போனவனையெல்லாம் உட்காரவைத்துக் கேட்க வைத்தேன்.

அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. மேளத்தைப் பற்றிப் பேசத் தம்பி குடும்பத்தோடு வந்தான். நான் டிவியில் நாயனம் போட்டேன்.

"இந்தக் குழைவு முன்னாடி இருந்துச்சாடா? உனக்கெங்க தெரியப் போவுது."

தம்பி எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். டேப்பைப் பிரித்து, சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தான். பிறகு டி.ஏ.சி.யின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான். நாயனம் நிற்கவில்லை.

"இன்னாண்ணா, பாடிக்கினே இருக்குது? இந்த ஒயர்ல போறது வெளிச்சம்ணா. சாம்பல் வெச்சா எப்டிப் போவும்? டிவியிலேர்ந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போற பழைய ஒயர நீ கழட்டவே இல்ல. அதத்தான் இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்திருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணப் பெண் எதிரே நின்றதால் தம்பியை அறையாமல் விட்டேன்.

மேளத்தைப் பற்றி அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. தம்பியே ஓர் ஆளைப் பேசி முடித்துவிட்டான்.

கல்யாணத்தன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாயனத்தில் சுருதி விலகுவதாகப் பட்டது. விலகுகிறதா, எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா என்று பிறந்தது முதல் வராத சந்தேகம் வந்தது. வெட்கத்தை விட்டு மனைவியின் பக்கம் சாய்ந்தேன்.

"சுருதி விலகுதுல்ல?"

"இருங்க, உங்க தம்பியக் கேட்டுக்கினு வர்றேன்" என்று எழுந்து போனாள்.