பீட்டருக்குப் பதிலாகத் தனம்

புதன்கிழமை சாயங்காலம் மம்பாவ் ஊரில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. இங்கிலாந்து எண். தனம் அக்காதான் என்று நினைத்து, "என்னக்கா, இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று சண்டையை ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் அழுதுகொண்டிருந்தார். அக்காவின் இசைக்குழுவில் பாடும் ஜிம். காலையில் ஒத்திகைக்குக் கிளம்பும்போது அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அப்படியே போய்விட்டாராம்.

அழுது ஓய்ந்ததும் ஜிம் இன்னொன்று கேட்டார். சனிக்கிழமை ஒரு கச்சேரி இருக்கிறது. அதை ரத்து செய்து, குழுவையே கலைத்துவிடலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தனத்துக்கு மிச்சமிருக்கும் சொந்தம் நீங்கள்தான், நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம் என்றார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்றுகூட நினைவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனலட்சுமி அக்கா என் பெரியம்மா மகள். லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் ஒரே லயத்தில் வளர்ந்தோம். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டால் அக்கா வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார். பெரியம்மா விறகுக் கட்டையோடு துரத்துவார். விடியற்காலைப் பனியில் ரப்பர் மரங்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. அதற்குள்ளிருந்து வாளிச் சத்தம் மட்டும் முதலில் நடந்து வரும். பிறகு மெல்ல அக்கா வருவார். இன்றைக்கும் என் கனவில் அக்கா அப்படித்தான் வருகிறார்.

பத்தொன்பது வயதில் நர்ஸ் படிக்க இங்கிலாந்து போனார். "மூணே வருஷம்டி பாக்கியம். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருவேன்லா," என்றார். நானும் நம்பினேன், மடச்சி.

அங்கே ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு உடைந்து வந்தவர் பீட்டர். அக்காதான் மாவுக்கட்டு போட்டார். பீட்டர் ஒரு பங்க் ராக் குழுவின் டிரம்ஸ்காரர். குழுவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. நாலு நாளில் கச்சேரி, என் இடம் போச்சு என்று அந்த மனிதர் தேம்பியிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரப்பர் பால் வெட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அவருடைய நிரையில், அதாவது அவருக்கு ஒதுக்கிய வரிசையில், உள்ள மரங்களைப் பக்கத்து வீட்டார் வெட்டுவார்கள். எத்தனை மாதமானாலும் அது படுத்திருப்பவரின் நிரைதான். அவர் எழுந்து வந்த அன்றே மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா அந்தப் புத்தியோடு, "உன் கை ஆறும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பீட்டரிடம் சொல்லிவிட்டார். டிரம்ஸைத் தொட்டதுகூட இல்லை. நல்லவேளை, மூன்று நிமிஷத்தில் கத்தி முடிக்கிற பாட்டுக்கு வாளி தட்டிய கை தாராளமாகப் போதுமாக இருந்தது.

பீட்டருக்குக் கை ஆறியது. ஆனால் அவர் பஸ் ஓட்டப் போய்விட்டார், கல்யாணம் செய்துகொண்டார், இடத்தை நீயே வைத்துக்கொள் என்றார். அக்கா கேட்டால்தானே! குழு நாற்பது வருஷத்துக்கும் மேல் ஓடியது. கிட்டார்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் பாதிரியாராகவே ஆகிவிட்டார். இசைத்தட்டு கம்பெனி கைவிட்டது. மேடையை நோக்கி எச்சில் துப்பிய கூட்டம் வயதாகி, பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. அக்கா பகலில் நர்ஸ் வேலை பார்த்து, வாரக் கடைசியில் டிரம்ஸ் அடித்தார். ஒவ்வொரு இசைத்தட்டின் பின்னாலும் ஒரே வரிதான் இருக்கும்: டிரம்ஸ் பீட்டர், அவருக்குப் பதிலாகத் தனம்.

பெரியப்பா இறந்தபோது அக்கா பச்சைத் தலைமுடியோடு வந்து இறங்கினார். என் அம்மா அந்த அழுகையிலும், "என்னடி இது, பேன் மருந்தா?" என்று கேட்டார். இங்கிலாந்துக்குத் திரும்பும் முன் அக்கா தன் குழுவின் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினார்.

"என்னக்கா, தகரக் கூரையில மழ பேஞ்ச மாதிரி இருக்கு."

"அதேதான்டி!" என்று கட்டிக்கொண்டார்.

"எப்பக்கா வீட்டுக்கு வருவ?"

"பீட்டர் வரட்டும். ஆள் இல்லாம எப்படிடி விட்டுட்டு வர்றது?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பீட்டருக்கும் குழுவுக்கும் வாயில் வந்த சாபமெல்லாம் கொடுத்தேன். என் பிள்ளைகள் பிறந்தபோது அக்கா இல்லை. நான் சுங்கை காடுட் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தோட்டத்து லயத்தை இடித்தார்கள். அன்றும் அக்கா இல்லை. போன வருஷம் பீட்டர் இறந்த செய்தியை அக்கா சொன்னபோது, "இன்னும் யாருக்குக்கா பதில் ஆளு? வந்துருலா!" என்று கத்தினேன். அக்கா, "ஆளு போனா மரமும் போயிருமாடி?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, நிறுத்தித் தொலையுங்கள் என்று சொல்லத்தான் ஜிம்மை அழைத்தேன். என் அக்காவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட குழு அது. ஆனால் அவர் குரலைக் கேட்டதும், அக்கா நாற்பது வருஷம் யாருக்காகவோ காத்துவைத்திருந்த இடத்தை என் வாயால் மூடப்போகிறேனே என்று தோன்றிவிட்டது.

"ஆள் போடுங்கள்," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"தனத்தின் இடத்திலா?"

"அவள் இடத்தில்தான். நாளைக்கே!"

அங்கே சனிக்கிழமை ராத்திரி, இங்கே ஞாயிறு விடியல். எனக்குக் கேட்கட்டும் என்று ஜிம் கைப்பேசியை மேடையில் வைத்தார். அக்காவோடு வேலை பார்த்த நர்ஸ் பெண் ஒருத்தி டிரம்ஸ் அடித்தாள். இரண்டாவது பாட்டில் தடுமாறி, விழுந்தடித்துப் பிடித்துக்கொண்டாள். பின்வாசலில் நின்று சிரித்தேன், அழுதேன். வெளியே பனி இன்னும் கலையவில்லை.

வேலைக்கு ஆள் வந்தாச்சுக்கா. இன்னிக்கு நீ எந்திரிக்க வேணாம், படுத்துக்க.