எடுத்ததற்குக் காரணம்

டெல்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. பப்புவா மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மின்காப்பகம் அவள் பொறுப்பு. அங்கே படிப்பவர்கள் எழுதும் ஆய்வுகளைக் கணினியில் ஏற்றுவாள். எந்த நாட்டுக்காரரும் எடுத்துப் படிக்கலாம். விரல் போனது அந்த வேலையில்தான்.

ஆக்னஸ் என்ற மாணவி தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். அவளுடைய தாய் மேரோவைச் சூனியக்காரி என்று கம்பத்தில் கட்டி, இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டே கொன்றிருந்தார்கள். கொன்றவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. முதல் பெயர் காண்டே.

"பேரெல்லாம் போட்டிருக்கியே. வீடு தேடி வருவானுங்க," என்றாள் டெல்மா.

"வரட்டும் அக்கா. போலீஸ் வந்து பன்னிக்கறி தின்னுட்டுப் போயிருச்சு. பாதிரியாரு, அம்மா காய்ச்சல்ல செத்துப்போச்சுன்னு எழுதிட்டாரு. இங்க ஒரு எடத்துலயாச்சும் நடந்தது இருக்கட்டும்."

டெல்மா ஏற்றினாள்.

அடுத்த தேர்தலில் காண்டே நின்றான். எதிராளியின் ஆட்கள் அந்த ஆய்வேட்டைச் சந்தையில் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பினார்கள். காண்டே இரண்டு ஆட்களோடு காட்டுக்கத்தி எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தான். காவலாளி வேலி தாண்டி ஓடிவிட்டான்.

"அத அழி."

"எடுக்கலாம். ஆனா பக்கம் அப்படியே நிக்கும். ஏன் எடுத்தோம்னு அதுல எழுதணும், அதான் காப்பக வழக்கம். என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போடாத."

"காரணம் இல்லாம கம்ப்யூட்டர் வாங்கிக்காது. பொய்னு போடவா? அப்ப மேரோ எப்படிச் செத்தாள்னு கேப்பாங்க."

"பொம்பளைய அவ வாய் கம்பத்துக்குத்தான் இழுத்துட்டுப் போகும்," என்று கூட வந்தவன் ஒருவன் பாக்கு எச்சிலைத் தரையில் துப்பினான்.

டெல்மா தட்டினாள்: 'காண்டே மிரட்டியதால்.' காண்டேவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கத்தி இறங்கியது. இரண்டு விரல்கள் விசைப்பலகை மேலேயே கிடந்தன. அடுத்த வெட்டு தோளில். பிறகு கணினியை வெட்டினார்கள், திரையை மிதித்தார்கள். ஆய்வேடு தொலைந்தது என்று நினைத்துப் போனார்கள். காப்பகம் அந்தப் பெட்டிக்குள் இல்லை, வேறு ஊர்க் கணினியில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

படிப்பறையிலிருந்து ஆக்னஸ் ஓடிவந்து, நூலால் பின்னிய தன் பையின் வாரை டெல்மாவின் மணிக்கட்டில் சுற்றினாள்.

"இறுக்கு. இன்னும் இறுக்கு. கையைத் தூக்கிப் பிடி. அழுவுறத அப்புறம் வெச்சுக்க," என்றாள் டெல்மா.

டெல்மாவின் அண்ணன் வாகி ஒரு லாரி நிறைய ஆள் ஏற்றிப் போனான். காண்டேயின் வீடுகளை எரித்தார்கள். காப்பிச் செடிகளை அடியோடு வெட்டினார்கள். பாக்கு துப்பினவன் தொடையில் கோடரி இறங்கியது. இனி பிணம் விழும் என்ற நிலையில் காண்டே தரப்பு ரத்தத்துக்கு ஈடு கட்டச் சம்மதித்தது.

மைதானத்தில் ஈடாகக் கொடுக்கும் பன்றிகளைக் கட்டியிருந்தார்கள். ஈடு கொடுப்பவன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நின்று, செய்ததையும் ஏன் செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வாங்குபவர் பன்றி கட்டிய கயிற்றைத் தொட்டால் சண்டை முடிந்தது.

"ஒரு வாய்த் தகராறு. கை ஓங்கிட்டேன்," என்றான் காண்டே. வாகி கயிற்றுக்குக் குனிந்தான்.

"அண்ணே, தொடாத," என்றாள் டெல்மா. கட்டுப் போட்ட கை நெஞ்சில் தொங்கியது. "என்ன தகராறுன்னு சொல்லட்டும்."

"பன்னி வெயில்ல கெடக்கு தங்கச்சி. சட்டுனு முடி."

"கை என்னுது. அவன் சொல்லட்டும்."

"ஒரு பேப்பரு," என்றான் காண்டே.

"பேப்பர்ல என்ன இருந்துச்சு?"

அவன் பன்றிகள் பக்கம் திரும்பிக்கொண்டான். வாகியின் ஆட்கள் வில்லைக் கையில் எடுத்தார்கள். காண்டேயின் மூத்த மனைவி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"சொல்லித் தொலைய்யா. வீடு எரிஞ்சாச்சு. இனி புள்ளைங்களையும் எரிக்கணுமா?"

"மேரோவச் சுட்டது," என்றான் அவன். "நான்தான் இரும்பக் காய்ச்சுனேன்."

ஆக்னஸ் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அதைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். டெல்மா கயிற்றைத் தொட்டாள். சமாதான விருந்துக்காகத் தடிகள் பன்றிகளின் மண்டையில் இறங்கின.

தோளில் தையல் பிரித்ததும் வேலைக்குத் திரும்பினாள். இடது கையால் தட்டி, ஆய்வேட்டின் பக்கத்திலேயே அந்தப் பதிவையும் ஏற்றினாள். பேசியவர்: காண்டே. பொருள்: மேரோவின் கொலை. போலீஸ் இன்னும் வரவில்லை. எடுத்ததற்குக் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள், எதையும் எடுக்கவில்லை.