படங்களுக்குப் பட்டா

சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் அம்மையார் எங்கோ என் படங்கள் இரண்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் இணையதள முகவரியை அனுப்புங்கள், மீதியையும் பார்க்க வேண்டும்" என்று எழுதினார். கெடுவும் வைத்திருந்தார். எனக்கு இணையதளம் என்று ஒன்று கிடையாது. ஆந்திராவில் வரதய்யபாளையம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செல்போன் பாகங்களை லென்ஸ் வழியாகப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கி வைப்பது என் வேலை. விடுமுறை நாட்களில் எங்கள் காலனி ஆட்களைப் படம் எடுப்பேன். நாற்று நடுகிறவர்கள், வேர்க்கடலை பிடுங்குகிறவர்கள், உபாதி வேலை என்று நாங்கள் சொல்லும் அரசுக் கூலி வேலைக்கு மண்வெட்டியோடு போகிறவர்கள். எல்லோரும் நல்ல கறுப்பு. உச்சி வெயிலில் வியர்வையோடு மின்னும் அந்தக் கறுப்பை அப்படியே படத்தில் கொண்டுவர எனக்கு வருடக்கணக்கில் ஆனது. ஒரு முறையாவது அவை பெரிதாக ஒரு சுவரில் தொங்க வேண்டும் என்று வெறியே இருந்தது. மூடி மறைக்க என்ன இருக்கிறது, இருந்தது.

இணையதளம் வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பஸ் முழுக்க நிபுணர்கள்.

"எதுக்கு வெப்சைட்டு கிப்சைட்டு? போட்டோ ஆப்புல போட்டுக்கினு போவியா. லைக்காவது வரும்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அதையும் செய்து பார்த்தவள்தான் நான். அந்தச் செயலிக்கு எல்லாமே சதுரமாக இருக்க வேண்டும். அதற்காக என் ஆட்களின் தலையையும் காலையும் வெட்டிவிட்டது. சேற்றில் நிற்கும் என் சித்தியின் படத்துக்குக் கீழே, படத்தைப் பார்க்காமலேயே நூறு பேர் கும்பிடும் கை பொம்மை போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்தாற்போல் முகத்தை வெளுக்கும் கிரீமின் விளம்பரம். சித்தியைப் பார்த்துத்தான் அதற்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். கணக்கையே மூடிவிட்டு வந்தேன்.

அடுத்தது இலவசமாக இணையதளம் கட்டித் தரும் கம்பெனி. அது கொடுத்த முகவரி ரேணிகுண்டா ஜங்ஷனில் நிற்கும் சரக்கு ரயில் நீளத்துக்கு இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்கள் பெயர் என் பெயரைவிடப் பெரிது. படங்களை அது தன் வசதிக்குச் சுருக்கியதில் கறுப்பெல்லாம் கட்டி கட்டியாகத் திட்டுப் பிடித்துவிட்டது. காசு கட்டினால் தெளிவாகக் காட்டுவார்களாம். கீறல் விழுந்த பாகத்தை ஒதுக்கி வைக்கிற மாதிரி அதையும் ஒதுக்கி வைத்தேன்.

கெடு நெருங்கியது. பக்கத்து சீட்டுக்காரி தன் கல்யாண ஆல்பம் போட்ட திருப்பதி கடையைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கல்யாண ஆல்பம், அரசியல் ஃபிளெக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், இணையதளம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கடைக்காரர் என்னைவிடப் பெரியவர், ஆனாலும் வாய்க்கு வாய் அக்காதான். தான் செய்த தளங்களைத் திறந்து காட்டினார். எதைத் திறந்தாலும் முதலில் சாமி படம், இரண்டு பக்கமும் ஆடுகிற குத்துவிளக்கு, கேட்காமலே ஆரம்பிக்கிற பாட்டு, குறுக்கே ஓடுகிற எழுத்து. மூலநோய் மருத்துவமனைக்கும் அதே விளக்குதான் ஆடிக்கொண்டிருந்தது.

சாமி வேண்டாம், பாட்டு வேண்டாம், எதுவும் ஓட வேண்டாம், படங்கள் மட்டும் போதும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆரம்பத்துக்கு ஒரு சாமி படம்கூட வேணாமா அக்கா?"

"வேணாம்ணா."

"சரி, மீ இஷ்டம். டொமைன், ஹோஸ்டிங்கு எல்லாம் நானே பாத்துக்கறேன். மீரு டென்ஷன் படொத்து."

சொன்னபடியே நானும் டென்ஷன் படாமல் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன். கெடு முடியும் நாளில் எனக்கு ஷிஃப்ட். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் தளம் தயாரானதும் முகவரியை நேராகச் சென்னைக்கு அனுப்பிவிடும்படி அவரிடமே சொல்லியிருந்தேன். அனுப்பியும் விட்டார்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். சாமி இல்லை, பாட்டு இல்லை, மனுஷர் வாக்கு தவறவில்லை. ஆனால் என் ஆட்கள் ஒருவரும் இல்லை. எல்லா முகங்களும் பிசைந்த கோதுமை மாவு நிறத்தில் இருந்தன. வியர்வையைத் துடைத்து, சுருக்கத்தை இஸ்திரி போட்டு, உதட்டுக்கு ரோஸ் கலர் பூசியிருந்தார். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த என் அம்மா முகத்துக்குச் சீரியல் மாமியாரின் களை வந்திருந்தது. அவருடைய மெஷினுக்கு முகத்தை மட்டும்தான் அடையாளம் தெரியும் போலிருக்கிறது. கையும் காலும் பழைய கறுப்பிலேயே நின்றுவிட்டன. ஒவ்வொரு படத்திலும் ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் நட்டு வைத்த மாதிரி இருந்தது.

போன் செய்தேன். எடுத்ததுமே, "பாகுந்தி கதா அக்கா, நல்லா இருக்குதில்ல? எல்லாரையும் நல்லா ஆக்கிட்டேன். ஃப்ரீதான்" என்றார்.

"யாருண்ணா கேட்டது?"

"இதப் போயி கேக்கணுமா? கலர் ஏத்தலன்னா கல்யாண வூட்டுக்காரங்க ஆல்பத்த மூஞ்சி மேலயே கடாசிட்டுப் போறாங்க. இத்தினி வருஷத்துல கருப்பா பண்ணிக் குடுன்னு ஒருத்தர் வந்து நின்னதில்ல அக்கா."

அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளை, பெண், பந்தி பரிமாறுகிறவர் என்று எல்லோரும் ஒரே மாவில் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள். உடனே எடுத்துவிட்டு என் படங்களைப் போடுங்கள் என்றேன். முகூர்த்த நாட்கள் போகட்டும், பார்க்கலாம் என்றார். பாஸ்வேர்டைக் கேட்டேன்.

"அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்கறதில்ல அக்கா. டொமைனே, அதான் வெப்சைட் அட்ரஸே, நம்ம பேர்ல இருக்குது."

எங்கள் காலனியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலம் வரை எங்கள் குடிசைகள் அடுத்தவர் நிலத்தில்தான் நின்றன. நிலக்காரருக்குக் கோபம் வந்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல் ஒரு முருங்கைக் கொம்புகூட நட மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவே பட்டா பாஸ்புக்கைப் பிரித்து, பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவாள். பட்டம் வாங்கிய நான் படங்களைக் கொண்டுபோய் எவர் பெயரிலோ குடிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். அறிவு கெட்டவள் என்று என்னையே கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரைத் திட்டினேன், அது இன்னும் கொஞ்ச நேரம் நீடித்தது.

அதற்கப்புறம் நானே செய்தேன். என் பெயரில் ஒரு முகவரி, மாத வாடகைக்குச் சர்வரில் கொஞ்சம் இடம். எப்படி என்று வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றேன். சொல்லித் தருகிறவர்கள் பாதி நேரம் தங்களைப் பின்தொடரச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். மீதி நேரத்தில் சொல்வது ஒரு பாராவில் அடங்கிவிடும். ஒரு படம், கீழே ஊர்ப் பெயர், அடுத்த படம். அவ்வளவுதான் என் தளம். திறந்தால் கறுப்பு கறுப்பாகவே நின்றது. பார்த்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

முதலில் வந்த முகவரி தவறு, இதுதான் சரி என்று சென்னைக்கு எழுதினேன். அன்றே பதில் வந்தது. தவறு என்று அம்மையார் நினைக்கவே இல்லையாம். வெளுத்த முகமும் கறுத்த கையும் எவ்வளவு கூர்மையான எள்ளல் என்று குழுவே அசந்துவிட்டதாம். எனக்கு ஒரு முழுச் சுவர் ஒதுக்கியிருக்கிறார்களாம். இரண்டாவது முகவரியில் இருப்பவை நல்ல படங்கள்தான், ஆனால் அந்த மாதிரி நிறையப் பேர் அனுப்புகிறார்கள், அதனால் முதலில் அனுப்பியவற்றையே கொடுங்கள் என்று முடித்திருந்தார்.

திருப்பதிக்காரரையாவது ஒரு வழியில் மன்னிக்கலாம். அவர் அழகு என்று நம்பியதைச் செய்தார். இந்த அம்மையாரோ அவர் பூசிய ரோஸ் கலரை எடுத்து அரசியல் என்று பெயர் வைக்கிறார். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் யார் என்று அவர் ஒரு வரியில்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் முழுச் சுவர். சரி என்று தட்டுவேன், அழிப்பேன், மறுபடியும் தட்டுவேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேலையிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டினேன். முதலில் வெளுத்த படம்.

"யாரு இவ?" என்றாள். "சோறே துன்னாதவ மாதிரி வெளுத்துக்கினு கிடக்கறா. வெளியூரா?"

என்னுடைய படத்தைக் காட்டினேன்.

"இது நானு. கடலக்கா புடுங்க சொல்ல எடுத்தது."

முன்னதும் நீதான், கடையில் அப்படிப் பண்ணிவிட்டார்கள், சென்னையில் அதைத்தான் சுவரில் மாட்டக் கேட்கிறார்கள், கொடுத்தால் உன்னை ஊரே வந்து பார்க்கும் என்று விளக்கினேன். அவள் போனை இன்னொரு தடவை கையில் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அவ யாரோ என்னாவோ. அவள வேணும்னா குடுத்துட்டுப் போ. என்னக் குடுக்காத" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்று சென்னைக்கு எழுதினேன்: "நீங்கள் விரும்பிய படங்களில் இருப்பவர்கள் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர்களிடம் அனுமதி கேட்க வழியில்லாததால் அந்தப் படங்களைத் தர இயலாது."