நவமியன்று வந்த வாசிப்புப் பிழை

டிஸ்க் பழுது பார்க்கிறவனுக்கு இயந்திரம் நின்றுபோனால் பயமில்லை. ஓடிக்கொண்டே ஒரு வரி பிழை அச்சடித்தால்தான் பயம். எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு பரீட்சை அலுவலகத்தின் கம்ப்யூட்டரைப் பராமரித்துவந்தேன். அதே பிழைப்பில் இருந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. நீங்களும் செய்திருப்பீர்கள்.

மூன்றாவது முயற்சி

நவமி காலை ஆபரேட்டர் தங்கம்மா, இயந்திரம் அச்சடித்த கன்சோல் தாளைக் கிழித்துவந்து காட்டினார். ‘முதல் டிரைவ், வாசிப்புப் பிழை, மூன்றாவது முயற்சியில் சரி.’ அரைமணி கழித்து அதே இடம், ஆறாவது முயற்சி. பிறகு ஒன்பது. பத்துக்கு மேல் இயந்திரம் முயலாது. அந்த வருடப் பரீட்சையின் மதிப்பெண்கள் முழுவதும் அந்த டிஸ்கில் இருந்தன. மதிப்பெண்களை முதலில் பதிந்த துளையட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாகிவிட்டது. முடிவு வெளியாக மூன்று நாள்.

தங்கம்மாவுக்குப் பயமில்லை. “ஒம்போது தடவை கேட்டாலாவது சொல்லுதே சாரே. என் மோள் எத்தனை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டா.”

இரண்டாவது டிரைவ்

கோளாறு டிஸ்கிலா, அதைச் சுழற்றிப் படிக்கும் டிரைவிலா என்று தெரிய வேண்டும். அந்தக் கால டிஸ்க் ஒரு கேக் டப்பா அளவு இருக்கும். கழற்றி வேறு டிரைவில் மாட்டலாம். மாட்டினேன். அது வேகம் பிடித்ததும், தகரத்தில் ஆணியை இழுப்பதுபோல மெல்லிய ஒலி. உடனே நிறுத்தினேன்.

தாளில் இப்போது முயற்சி என்ற சொல்லே இல்லை. வெறும் பிழை, வரிக்கு வரி. தங்கம்மா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். “என் மோளோட மார்க்கும் அதுலதானே சாரே?”

பூஜைக்கு வைத்தது

அந்த டிஸ்குக்கு ஒரு பிரதி இருந்தது. மேனேஜர் மகாதேவன் கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். அஷ்டமி மாலை ரிஜிஸ்டர்களோடும் பேனாக்களோடும் அந்தப் பிரதியையும் சரஸ்வதி படத்தின் முன் பூஜைக்கு வைத்துவிட்டார். வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடுவதில்லை. அவசர வேலை என்பதால் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு. அதற்குச் சாம்பிராணி காட்டியதோடு சரி.

“சாம்பிராணியா? ரூமுக்குள்ளேயா சார்?” என்று அவரிடம் கேட்டேன்.

“வெளியில நின்னு காட்டினா அது என்ன பூஜை? ஏ.சி. வேற ஓடிண்டிருந்தது, நன்னாப் பரவித்து.”

சுழலும் டிஸ்கின் மேல் அதைப் படிக்கும் ஹெட் மிதக்கிற இடைவெளியைவிடப் புகைத்துகள் பெரியது. சொன்னேன். பிரதியை உடனே கொடுங்கள், முதல் டிரைவிலேயே போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கத்தவும் செய்தேன். அவர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “பயம் எனக்கும் உண்டு ஓய். ஆனா நாளைக்குக் கார்த்தால வரைக்கும் தொடப்படாது.”

விஜயதசமி

வேறு வழியில்லாமல் நவமி பிற்பகலே முதல் டிரைவைத் திறந்தேன். ஹெட்டில் காப்பிப்பொடி நிறத்தில் தூள். இரண்டாவதிலும் அதே. அரிபட்ட டிஸ்க் ஹெட்டைக் கெடுக்கும். கெட்ட ஹெட் அடுத்து வரும் டிஸ்கை அரிக்கும். இரண்டாவது டிரைவைக் கெடுத்தது நான். பிரதி கைக்கு வந்திருந்தால் மிச்சமிருந்த மதிப்பெண்களையும் சுரண்டி அழித்திருப்பேன். 

பிறகு பெட்டியிலிருந்த மாற்று ஹெட்டுகளை முதல் டிரைவில் பொருத்தி, வடிகட்டியையும் மாற்றினேன்.

மறுநாள் காலை மகாதேவன் பிரதியின் மேலிருந்த சந்தனத்தைத் துடைத்துத் தந்தார். மாட்டினேன். தங்கம்மா தாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். கடைசி மதிப்பெண்வரை வாசித்து முடித்தது. ஒரு பிழைகூட அச்சாகவில்லை. அப்புறம்தான் நான் செய்யவிருந்ததை மகாதேவனிடம் சொன்னேன். “அப்போ சரஸ்வதி யார்கிட்டேர்ந்து காப்பாத்தினாள்னு தெரியறதோல்லியோ?”

இந்தத் தொழிலில் நான் கண்ட பிழைகளில் பாதி தாளில் அச்சாகி வந்தன, மீதிப் பாதி ஸ்க்ரூடிரைவரோடு என் சட்டைக்குள்ளேயே இருந்தன.